கெப்பை உயர்த்த டோர்ஷன் கீயைக் கழற்றத்தான் வேண்டுமா?

போன பெரும்போக அறுவடை நேரம் மச்சானின் டி-மேக்ஸ் கெப் (பிக்கப்) திருகோணமலைத் தம்பலகாமத்தில் ஒரு வயல் பாதையில் வயிறு தட்டி நின்றுவிட்டது. பின்னால் நெல் மூட்டைகள். முன்னால் டிராக்டர் சில்லு உழுதுவிட்ட இரண்டு பள்ளம், நடுவில் திட்டாக நின்ற களி. அந்தத் திட்டின் மேல் வாகனம் ஆமை போலக் கிடந்தது. சில்லுகள் சும்மா சுற்றின. கடைசியில் அதே டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுத்தோம். வீட்டுக்கு வரும் வழியிலேயே, "இனி இதை ரெண்டு இஞ்சி உயர்த்தாமல் விடமாட்டன்" என்றான்.

உயர்த்துவது என்று முடிவான பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. இந்த வகைக் கெப்பில் முன்பக்கத்தைத் தாங்குவது டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி; அதன் முனையில் இருக்கும் கீ என்ற இரும்புக் கையும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும்தான் உயரத்தை வைக்கும். மூன்று கராஜில் மூன்று பதில். "போல்ட்டை எட்டுச் சுற்று முறுக்கினால் சரி, தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் வேலை முடிஞ்சிடும்" என்றார் ஒருவர். "அப்பிடிச் செய்தால் போல்ட் இழுத்துக்கொண்டு போயிடும், கீயைக் கழற்றி ஒரு பல்லு மாத்திப் போடவேணும்" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் கீயையே மாற்றச் சொன்னார்: "கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் லிஃப்ட் கீ எடுக்கலாம், அதை வாங்கிக்கொண்டு வாங்கோ." மருமகன் வேறு போனைத் தூக்கிக்கொண்டு வந்து, அமெரிக்காக்காரர் ஒருவர் பெரிய கிளாம்ப் ஒன்றைப் போட்டுக் கீயைக் கழற்றும் வீடியோவைக் காட்டினான்.

நான் தொழிலுக்கு மெக்கானிக் இல்லை. ஆனால் இருபது வருடமாகப் பழைய கெப்களோடு மாரடிக்கிறேன். இந்த நான்கு பதிலையும் ஒரு மாதம் போட்டுப் புரட்டியதில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். உயரத்துக்காக மட்டும் என்றால் கீயைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் திருகோணமலையில் ஓடும் வாகனம் என்றால், வேறொரு காரணத்துக்காகக் கழற்றத்தான் வேண்டும்.

உங்கள் வாகனத்தில் இது இருக்கிறதா?

முன் சில்லுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். முன் சில்லைத் தாங்கும் ஆர்மிலிருந்து பெருவிரலை விடத் தடித்த உருக்குக் கம்பி ஒன்று செசியை ஒட்டிப் பின்னோக்கி ஓடி, முன் ஆசனங்களுக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டத்தில் முடிந்தால் அதுதான் டோர்ஷன் பார். காயில் ஸ்பிரிங் செய்யும் வேலையை இந்தக் கம்பி முறுக்குப்பட்டுச் செய்கிறது. அதன் பின் முனையில் பல் பல்லாக வெட்டியிருக்கும் இடத்தில் மாட்டிய குட்டையான இரும்புக் கைதான் கீ. ஆங்கர் ஆர்ம் என்றும் சொல்வார்கள். அந்தக் கையின் நுனியை ஒரு நீள போல்ட் தாங்கிப் பிடித்திருக்கும்.

முதல் தலைமுறை டி-மேக்ஸின் நான்கு சில்லு இழுவை வகை, 2005க்கு முந்திய எல் 200, விகோ வருவதற்கு முந்திய பல ஹைலக்ஸ்கள், நிசான் டி 22, 2006 முதல் 2011 வரை வந்த மஸ்தா பி.டி. 50 எல்லாவற்றிலும் இது உண்டு. டொல்பின் வானிலும் உண்டு. புது மொடல் கெப்களில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது. அவை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கெப்தான் தங்கம். இன்றைக்கும் கொட்பே மீன்பிடித் துறைமுக வாசலில் காலையில் நின்று பார்த்தால் ஐஸ் பெட்டி ஏற்றி நிற்பவற்றில் டோர்ஷன் பார் வாகனங்களுக்குக் குறைவில்லை.

சாரம் பிழிகிற கணக்கு

எந்த வழி நல்லது என்று பார்க்குமுன் ஒரு தவறான எண்ணத்தைத் துடைத்துவிட வேண்டும். "போல்ட்டை முறுக்கினால் பார் இறுகிவிடும், அதனால்தான் வாகனம் கல்லு மாதிரி ஓடுது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஈரச் சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பிழிவதை நினைத்துப் பாருங்கள். ஒரு கை முன்னுக்கும் மறு கை பின்னுக்கும் திரும்பினால் முறுக்கு ஏறும். இரண்டு கையையும் ஒரே பக்கமாகச் சேர்த்துத் திருப்பினால் சாரம் முழுசாகச் சுழலும், முறுக்கு கூடாது. கெப்பில் நடப்பது இரண்டாவது. போல்ட்டை முறுக்கும்போது கீ திரும்புகிறது; நிலத்தில் நிற்கும் வாகனத்தின் எடை மாறாததால் மறு முனையில் ஆர்மும் அதே அளவு திரும்பி வாகனத்தைத் தூக்குகிறது. பாரில் இருக்கும் முறுக்கு முன்பு இருந்த அளவுதான். ஸ்பிரிங்கின் பலம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பிறகு ஏன் கல்லு மாதிரி ஓடுகிறது? ஆர்ம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்துவிட்டது. சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஆர்ம் கீழே போய் ரப்பர் தடையில் 'டக்' என்று முட்டுகிறது. அந்த முட்டலைத்தான் நாம் இறுக்கம் என்று நினைக்கிறோம். உயர்த்திய கெப்பில் குச்சவெளிப் பக்கம் போய் வந்தால், மேடு ஏறும்போது அல்ல, பள்ளத்தில் விழும்போதுதான் அதிகமாக உதைக்கும். கவனித்துப் பாருங்கள்.

இதனால் வரும் முக்கியமான விஷயம்: போல்ட்டை முறுக்கினாலும், கீயைப் பல் மாற்றிப் போட்டாலும், லிஃப்ட் கீ வாங்கிப் போட்டாலும், ஒரே உயரத்துக்கு வந்தால் ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் இருக்காது. மூன்றும் ஒரே கோணத்தை மூன்று விதமாக அடைவதுதான். "லிஃப்ட் கீ போட்டால் சொகுசாக இருக்கும்" என்று சொல்லி விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

போல்ட்டை மட்டும் முறுக்குவது

கீயின் நீளம் 16 சென்டிமீட்டர், ஆர்மின் நீளம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏறினால், சில்லுப் பக்கம் அது 3.75 மில்லிமீட்டர் ஆகிறது. எட்டுச் சுற்றுக்கு 30 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். முதல் கராஜ்காரர் சொன்ன எட்டுச் சுற்று வாய்க்கு வந்த கணக்கு இல்லை.

காசு கிட்டத்தட்ட இல்லை. பிடிக்காவிட்டால் அதே எட்டுச் சுற்றைத் திருப்பி எடுத்துவிடலாம். எதையும் கழற்றாததால் ஆபத்தும் குறைவு. ஒரே நிபந்தனை, போல்ட்டில் இன்னும் மரை மிச்சமிருக்க வேண்டும். பதினைந்து இருபது வருடம் ஓடிய வாகனத்தில் பார் கொஞ்சம் தளர்ந்து, முந்திய சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று சுற்று ஏற்றி, போல்ட் ஏற்கெனவே கடைசி வரை போயிருக்கும். மச்சானுடையதில் இடப்பக்கம் ஆறு மில்லிமீட்டர்தான் மிச்சம், வலப்பக்கம் பத்து.

இன்னொன்று. சில்லு நிலத்தில் நிற்கும்போது இந்த போல்ட்டை முறுக்காதீர்கள். ஒரு முன் சில்லின் மேல் 500 கிலோ எடை என்று எடுத்தால், மேலே சொன்ன அளவுகளின்படி போல்ட்டின் மேல் 1,250 கிலோ நிற்கிறது. கறள் பிடித்த மரை அந்தப் பாரத்தில் திரும்பும்போது உரிந்து போகும். ஜக் அடித்து, சில்லைத் தொங்கவிட்டு, மரைக்குக் கிறீஸ் பூசித்தான் முறுக்க வேண்டும்.

கீயைக் கழற்றிப் பல் மாற்றுவது

பாரின் முனையில் 30 பல் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பல் நகர்த்தினால் 12 பாகை. 40 சென்டிமீட்டர் ஆர்முக்கு அது எட்டு சென்டிமீட்டரைத் தாண்டும். மூன்று அங்குலத்துக்கு மேல். எவருக்கும் அவ்வளவு தேவையில்லை. அதனால் ஒரு பல்லை ஏற்றிவிட்டு, போல்ட்டை நன்றாக இறக்கி, வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆக, பல் மாற்றுவதால் கிடைப்பது உயரமில்லை. போல்ட்டுக்கு மறுபடி ஓடுவதற்கு இடம் கிடைக்கிறது. கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்த போல்ட் நடுவுக்கு வந்து, தன் பாரத்தை நிறைய மரைகளின் மேல் பகிர்ந்துகொள்கிறது.

பல் ஒன்று பெரிய படி என்பதற்குப் பழைய காலத்தில் ஒரு அழகான பதில் வைத்திருந்தார்கள். நம் ஊரில் இன்னும் ஓடும் பீட்டில் காரின் பின் டோர்ஷன் பாரில் உள் முனைக்கு 40 பல், வெளி முனைக்கு 44 பல். உள்ளே ஒரு பல் முன்னுக்கும் வெளியே ஒரு பல் பின்னுக்குமாக நகர்த்தினால் மிச்சம் ஒரு பாகைக்கும் குறைவு. போல்ட்டே இல்லாமல் நுணுக்கமாக உயரம் வைக்கலாம். கெப்பில் அந்த வசதிக்குப் பதிலாகத்தான் போல்ட்.

லிஃப்ட் கீ

கீயின் உள்ளே இருக்கும் பல்வரிசையைக் கொஞ்சம் திருப்பி வெட்டியிருப்பார்கள். அவ்வளவுதான். போல்ட் பழைய இடத்திலேயே நிற்க, வாகனம் உயர்ந்துவிடும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைப்பட்ட கோணம் கிடைப்பதுதான் இதன் ஒரே இலாபம். அமெரிக்கப் பெரிய ட்ரக்குகளில் பல் மாற்ற வழியில்லாத அமைப்பு உண்டு: கீயின் துளை ஆறுகோணமாக இருக்கும், 60 பாகைக்குக் குறைந்து திருப்ப முடியாது. அவர்களுக்கு லிஃப்ட் கீ அவசியம். நம் ஜப்பான் கெப்களில் பல்வரிசையே இருக்கும்போது அதற்குக் காசு கொடுப்பது, வீட்டில் தேங்காய் காய்க்கச் சந்தையில் வாங்குவது மாதிரி. ஏற்கெனவே உள்ள கீ வெடித்தோ பல் தேய்ந்தோ போயிருந்தால் வேறு விஷயம். அப்போது எப்படியும் ஒன்று வாங்கத்தான் வேண்டும்.

தடித்த பார்

முன்னால் இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் ஏற்றியவர்களுக்கு மேலே சொன்ன மூன்றும் சரிவராது. அவர்களுக்கு எடை கூடியிருக்கிறது. ஸ்பிரிங்கின் பலமே கூட வேண்டும். பாரின் பலம் அதன் விட்டத்தின் நான்காம் படியாக ஏறும். 25 மில்லிமீட்டர் பாருக்குப் பதிலாக 27 போட்டால், கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் பலம் 36 சதவீதம் கூடும். ஓல்ட் மேன் இமு போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகள் இந்த வகைக்குப் பெயர் போனவை. விலை கடிக்கும். வெறும் வாகனத்தில் போட்டால் முதுகும் கடிக்கும்.

பொடியை செசியிலிருந்து கட்டை வைத்துத் தூக்கும் பொடி லிஃப்டைப் பற்றி ஒரே வரி: அது டயருக்கு இடம் தரும், ஆனால் வரம்பில் தட்டுவது செசியும் டிஃபரன்ஷலும்; அவை இருந்த இடத்திலேயே இருக்கும். டிஃபரன்ஷலையும் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்துக் கீழே இறக்கும் பிராக்கெட் கிட் நான்கு அங்குலம் வேண்டியவர்களுக்கு. அதற்கும் கீயைக் கழற்றத்தான் வேண்டும், ஏனென்றால் பார் போய்ச் சேரும் சட்டமே இடம் மாறுகிறது. இந்த இரண்டுக்கும் இறங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் இன்சூரன்ஸிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

அப்படியானால் ஏன் கழற்றச் சொல்கிறேன்?

கடல். உப்புவெளி என்று ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அந்த உப்பு செசிக்கு அடியிலும் போகிறது. நிலாவெளி முதல் புல்மோட்டை வரை கடற்கரையை ஒட்டித்தான் பாதை. மீன் ஏற்றும் வாகனம் என்றால் கேட்கவே வேண்டாம்: ஐஸ் உருகி, மீன் தண்ணீரோடு சேர்ந்து பலகை இடுக்கால் ஒழுகி, நேரே குறுக்குச் சட்டத்தின் மேல் இறங்கும். கீ உட்கார்ந்திருக்கும் பெட்டி போன்ற இடத்தில் மணலும் உப்பும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். ரப்பர் மூடி கிழிந்திருந்தால் பல்வரிசைக்குள்ளும் போகும்.

பத்து வருடம் தொடாமல் விட்ட கீ பாரோடு ஒட்டி ஒரே இரும்பாகிவிடும். அதைவிட மோசமானது பாரின் உடம்பில் வரும் குழிக் கறள். டோர்ஷன் பார் முறுக்கிலேயே வாழ்கிற உருக்கு. அதன் மேல் ஒரு சின்னக் குழி, ஒரு கீறல் இருந்தாலும் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ஒரு நாள் சத்தத்தோடு உடைந்து, வாகனம் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். கீயைக் கழற்றி, பாரை வெளியே இழுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் அது தெரியும். உயர்த்துவதற்காக முன்பக்கம் எப்படியும் ஜக்கில் நிற்கும் அந்த ஒரு நாள்தான் இதற்கு வாய்ப்பு. கண்டியிலோ பதுளையிலோ ஓடும் வாகனம் என்றால், மரை மிச்சமிருக்கும் வரை போல்ட்டை முறுக்கிவிட்டுப் போங்கள் என்றே சொல்வேன்.

கழற்றும் வேலை

மருமகன் காட்டிய வீடியோவில் இருந்தது பெரிய ஷெவர்லே. அந்த வகையில் சில்லு தொங்கினாலும் பாரில் முறுக்கு மிச்சமிருக்கும், போல்ட் குட்டை. அதனால் ஒரு தனிக் கருவி வேண்டும். சி வடிவத்தில் தடித்த சட்டம், நடுவில் நீளத் திருகு. சட்டம் குறுக்குச் சட்டத்தைக் கவ்வ, திருகின் நுனி கீயில் உள்ள சிறு குழியில் உட்கார்ந்து கீயைத் தள்ளிப் பிடிக்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டுத் திருகை மெல்ல இறக்குவார்கள். நம் ஜப்பான் கெப்கள் பலவற்றில் போல்ட்டே நீளம். சில்லைத் தொங்கவிட்டு அதைத் தளர்த்திக்கொண்டே வந்தால், மரை முடியுமுன் முறுக்கு இறங்கிவிடும்; தனிக் கருவி தேவைப்படாது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே உயர்த்திய வாகனத்தில் ஆர்ம் இறங்குவதற்கு இடம் குறைவு என்றேன் அல்லவா? அப்படியென்றால் சில்லு தொங்கும்போது பார் முழுசாக அவிழாது, முறுக்கு மிச்சமிருக்கும். பல் மாற்றியோ லிஃப்ட் கீ போட்டோ உயர்த்திய பழைய வாகனத்தை வாங்கியவர்கள், போல்ட் நீளம்தானே என்று நம்பிக் கழற்றக் கூடாது. மரை முடியும் இடத்துக்கு வந்தும் கீ கையால் ஆட்டினால் ஆடவில்லை என்றால், அங்கேயே நிறுத்துங்கள்.

மச்சானின் வாகனத்துக்கு முன்பு, வேறொரு கெப்பில் நான் கண்ணால் கண்டது இது. எந்தக் கராஜ் என்பது வேண்டாம். கருவி இல்லாததால் வெல்டிங் வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண சி கிளாம்ப்பைப் போட்டு கீயைப் பிடித்தார்கள். கிளாம்ப்பின் தட்டையான வாய் கீயின் சரிவில் உட்காரவில்லை. போல்ட் வெளியே வந்ததும் ஒரு வெடிச் சத்தம். கிளாம்ப் சறுக்கிப் பறந்து தகரக் கதவில் பட்டது. கீழே படுத்திருந்த பையன் அந்த நேரம் சொக்கெட் எடுக்க வெளியே வந்திருந்தான். கதவில் விழுந்த பள்ளத்தை அதற்குப் பிறகு யாரும் தட்டி எடுக்கவில்லை.

நாங்கள் செய்தது இப்படி. ஒரு வாரம் முன்பிருந்தே தினம் மாலையில் போல்ட்டுக்கும் பல்வரிசைக்கும் கறள் இளக்கும் எண்ணெய் அடித்தோம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையை முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். தேய்க்காமல் திருப்பினால் அந்தக் கறள் முழுவதையும் நட் உள்ளே இழுத்துக்கொண்டு இறுகிவிடும். நான்கு சில்லிலும் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதினோம். நிலத்திலிருந்து அளக்கக் கூடாது, டயர் காற்று ஏமாற்றும். போல்ட் எத்தனை மில்லிமீட்டர் நீட்டியிருக்கிறது என்று எழுதி, பாரிலும் கீயிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தோம். பிறகு செசிக்கு ஜக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, இரண்டு முன் சில்லையும் தொங்கவிட்டோம்.

"தம்பி, உயர்த்துறது வேலையில்ல. கழற்றுறதுதான் வேலை" என்றார் வேலையைச் செய்த மெக்கானிக் பாஸ். அது சரியாகத்தான் இருந்தது. வலப்பக்கக் கீ போல்ட் இறங்கியதும் தளர்ந்துவிட்டது. இடப்பக்கம், அதாவது மச்சான் ஏற்றும் மீன் பெட்டியின் தண்ணீர் ஒழுகும் பக்கம், முறுக்கெல்லாம் போன பிறகும் பாரை விட்டு அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் கேஸ் டோர்ச்சைக் கொண்டு வந்தார். பாஸ் கையைக் காட்டித் தடுத்தார். பார் பதப்படுத்திய ஸ்பிரிங் உருக்கு. சிவக்கச் சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும், பிறகு அது வெறும் கம்பி. பாரைச் சுத்தியலால் அடிப்பதும், பைப் ரெஞ்ச்சால் கவ்வித் திருப்புவதும் அதே தவறுதான். ரெஞ்ச்சின் பல் பதிந்த ஒவ்வொரு இடமும் நாளைய வெடிப்பு. பித்தளைக் கட்டையைக் கீயின் முதுகில் வைத்துத் தட்டித் தட்டி, எண்ணெய் அடித்து, தேத்தண்ணி குடித்து, மறுபடி தட்டி, ஒன்றரை மணி நேரத்தில் வந்தது. கையில் விழுந்த கீக்குள் இருந்த கறளைக் கொட்டினால் ஒரு சிரட்டை நிறையும்.

இரண்டு பாரையும் கழற்றினால் கலந்துவிடாதீர்கள். பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முறுக்குப்படுவதற்கென்று பழக்கி எடுத்தவை. முனையில் இடம், வலம் என்று அடையாளம் வெட்டியிருக்கும். கறளைத் துடைத்தால் தெரியும். பாரின் பெயின்ட் போன இடங்களுக்குப் பெயின்ட் அடித்து, பல்வரிசைக்குக் கிறீஸ் அப்பி, புது ரப்பர் மூடி போட்டு, ஒரு பல் ஏற்றி மாட்டினோம்.

எவ்வளவு உயர்த்துவது

மச்சான் கேட்டது இரண்டு அங்குலம். கொடுத்தது 30 மில்லிமீட்டர். இந்த வகை வாகனத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜொயின்ட்டின் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியத் தொடங்கும். ஆர்மையும் சில்லுப் பக்கத்தையும் இணைக்கும் போல் ஜொயின்ட் தன் எல்லையில் தொங்கும். நிலத்தில் நிற்கும்போது ஆர்முக்கும் இறக்கத்தைத் தடுக்கும் ரப்பருக்கும் இடையில் ஒரு விரல் அகலமாவது இருக்க வேண்டும். எங்களுக்கு அது 30 மில்லிமீட்டரிலேயே வந்துவிட்டது. மீதிக்கு ஒரு சுற்றுப் பெரிய டயர் போட்டுக்கொள் என்று சொல்லியாயிற்று. டிஃபரன்ஷலையும் தூக்குவது டயர்தானே.

உயர்த்திய பிறகு அலைன்மென்ட் கட்டாயம். சில்லின் சாய்வும் நேர்வரிசையும் மாறி நிற்கும். அப்படியே ஹபரணைக்கு இரண்டு தரம் போய் வந்தால் புது டயரின் ஓரம் மொட்டை. ஆனால் அன்றே செய்யாமல் இரண்டு மூன்று நாள் ஓட்டி, வாகனம் படிந்த பிறகு மறுபடி அளந்து, இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எல்லாரும் மறப்பது முன் லைட். தாழ்ந்த வெளிச்சம் ஏறக்குறைய 1 சதவீதம் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்திருப்பார்கள். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் மூன்று மீட்டர் நீளமுள்ள வாகனத்தில் முன்பக்கம் மட்டும் மூன்று சென்டிமீட்டர் ஏறினால், அந்த 1 சதவீதமும் போய்விடுகிறது. இரவில் கந்தளாய் வீதியில் எதிரே வருகிறவர் லைட்டை அடித்து அடித்துக் காட்டுவார். நமக்கு ஏன் என்று விளங்காது.

பின்பக்கத்தையும் ஸ்பிரிங் பிளேட் சேர்த்து உயர்த்த நினைப்பவர்கள் பின் எக்ஸலுக்கு மேலே ஒரு சின்னக் கம்பி ஏதாவது பிரேக் வால்வுக்குப் போகிறதா என்று பாருங்கள். பல பழைய கெப்களில் அது உண்டு. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்கைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் பின்னால் இரண்டு அங்குலம் உயர்த்தினால், வாகனம் எப்போதும் வெறுமையாக ஓடுகிறது என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். நெல் மூட்டையோடு இறக்கத்தில் வரும்போது அது தெரியவரும். கம்பியின் தாங்கியையும் அதே அளவு உயர்த்தினால் சரி. மச்சான் பின்பக்கத்தைத் தொடவில்லை.

மரை நிறைய மிச்சம், உப்பில்லாத ஊர், ஓர் அங்குலம் போதும் என்றால் போல்ட்டோடு நிறுத்துங்கள். போல்ட் எல்லையில் நிற்கிறது, அல்லது வாகனம் கடற்கரையில் வளர்ந்தது என்றால் கழற்றிப் பல் மாற்றுங்கள்; கருவியும் அனுபவமும் இருக்கும் கையில் கொடுங்கள். முன்னால் இரும்பு ஏற்றியவர்கள் தடித்த பாருக்குக் காசு சேருங்கள். காட்சிக்காக உயர்த்துகிறவர்களுக்கு எந்த வழியும் ஒன்றுதான். 2009இல் கிண்ணியா பாலமும் அதன் பிறகு மற்றப் பாலங்களும் வந்துவிட்டதால் மூதூருக்குப் போகக்கூடக் கெப் உயரமாக இருக்க வேண்டிய தேவையில்லை.

மச்சானின் கெப்பில் இப்போது போல்ட்டுகள் நடு மரையில் நிற்கின்றன. வாடை தொடங்குமுன் ஐப்பசியில் ஒரு தரம், மாரி முடிந்து ஒரு தரம், இரண்டு சுற்று இறக்கி, கிறீஸ் பூசி, இரண்டு சுற்று ஏற்றச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக் கோடு இன்னும் அழியவில்லை. மீன் பெட்டிக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பும் போட்டிருக்கிறான். அது மட்டும் தங்கச்சியின் யோசனை.